அடைப்பான் நோய்க் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டிய மருத்துவர் ராபர்ட் கோக்

நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த மாடு, விடியற்காலையில் கட்டுத்தறியில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கருமையான ரத்தம் வடிகிறது. அந்த ரத்தம் உறையவில்லை, உடலும் சரியாக விறைக்கவில்லை. இவை அடைப்பான் நோயின் அறிகுறிகள். இப்படி இறந்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தவர், ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர்.

நாம் விதை நேர்த்திக்கு வாங்கும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுகளுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அந்தப் பாக்கெட்டில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்கும் முறை அவர் அமைத்துக் கொடுத்த வழியில்தான் இன்றும் நடக்கிறது. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நம் தொழுவத்துக்கும் வயலுக்கும் பயன்படும்.

சுரங்க ஊரிலிருந்து சிற்றூர் மருத்துவராக

ராபர்ட் கோக் 1843-ம் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி, ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளவுஸ்தால் என்ற ஊரில் பிறந்தார். அது சுரங்கத் தொழில் நடந்த ஊர். தந்தை சுரங்கத் துறையில் வேலை பார்த்தார். வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866-ல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் யாக்கோப் ஹென்லே. தொற்று நோய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காரணமாக இருக்கலாம் என்று 1840-லேயே எழுதியவர் அவர். ஆனால் அதை நிரூபிக்க அப்போது யாரிடமும் வழி இல்லை.

கோக் சில ஊர்களில் வேலை பார்த்தார். பிரான்சுடன் நடந்த போரில் மருத்துவராகச் சேவை செய்தார். 1872-ல் வோல்ஸ்டைன் என்ற ஊருக்கு வட்டார மருத்துவ அதிகாரியாக வந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. சுற்றிலும் விவசாயக் கிராமங்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது, கொள்ளை நோய் வந்தால் அறிக்கை எழுதுவது என்று பகல் முழுவதும் வேலை இருக்கும். நோயாளிகளைப் பார்க்கும் அறையிலேயே ஒரு திரையைக் கட்டி, அதன் பின்னால் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டார். அந்தத் திரை மறைவுதான் அவருடைய ஆய்வகம். பல்கலைக்கழகமும் நூலகமும் பக்கத்தில் இல்லை. தேவையான கருவிகளில் பலவற்றை அவரே செய்துகொண்டார்.

மேய்ச்சல் நிலத்தின் புதிர்

அந்த வட்டாரத்தில் ஆடு மாடுகள் அடைப்பானால் செத்துக்கொண்டே இருந்தன. நோயுற்ற கால்நடைகளைக் கையாண்டவர்களுக்கும் தோலில் கரும்புண் வந்தது, சிலர் இறந்தார்கள். இறந்த விலங்கின் ரத்தத்தில் குச்சி போன்ற சிறிய உருவங்கள் இருப்பதைக் கோக்குக்கு முன்பே பிரான்சிலும் ஜெர்மனியிலும் சிலர் பார்த்திருந்தார்கள். அவைதான் நோய்க்குக் காரணம் என்று சிலர் சொன்னார்கள். நோயால் ரத்தம் கெட்டபின் தோன்றியவை அவை என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

இன்னொரு புதிரும் இருந்தது. அந்தக் குச்சிகள் உள்ள ரத்தத்தை மெல்லிய படலமாகக் காயவைத்தால் சில நாட்களிலேயே நோய் தரும் சக்தி போய்விடும். ஆனால் அடைப்பான் வந்த மேய்ச்சல் நிலமோ பல ஆண்டுகள் கழித்தும் ஆடு மாடுகளைக் கொன்றது. அவ்வளவு சீக்கிரம் சாகும் கிருமி மண்ணில் இத்தனை ஆண்டுகள் எப்படித் தங்குகிறது? இதற்குப் பதில் இல்லாததால் அந்த நிலமே சபிக்கப்பட்டது என்று நம்பியவர்களும் உண்டு.

மாட்டுக் கண் நீரில் வளர்த்த கிருமி

இறந்த விலங்கின் ரத்தத்தைச் சிறிய மரச் சிலாம்பில் தொட்டு, எலியின் வால் அடியில் சிறு கீறல் போட்டு அதில் வைத்தார் கோக். எலி மறுநாள் செத்தது. அதன் மண்ணீரலில் அதே குச்சிகள் நிறைந்திருந்தன. அந்த எலியிலிருந்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தொடர்ந்து மாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே நோய், அதே குச்சிகள்.

ஆனாலும் ஒரு சந்தேகம் நின்றது. குச்சியோடு சேர்ந்து ரத்தமும் போகிறது. ரத்தத்தில் உள்ள வேறு நஞ்சு எலியைக் கொன்றிருக்கலாம் அல்லவா? எனவே கிருமியை விலங்கின் உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீர். வேறு கிருமி எதுவும் கலக்காத, ஒளி ஊடுருவும் நீர் அது. கண்ணாடித் துண்டில் அந்த நீரின் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு, நோயுற்ற மண்ணீரலின் சிறு துணுக்கை அதில் சேர்த்தார். உடல் வெப்பத்துக்குச் சமமாகச் சூடுபடுத்தி, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குச்சிகள் நீண்டன. நூல் நூலாகப் பின்னிக்கொண்டன. பிறகு அந்த நூல்களுக்குள் மணி கோத்ததுபோல ஒளிரும் சிறு முட்டைகள் தோன்றின. நூல் அழிந்தது, முட்டைகள் மட்டும் மிஞ்சின. இவைதான் ஸ்போர் எனப்படும் வித்துகள். காயவைத்து நாட்கள் கழித்துப் புதிய கண் நீரில் போட்டபோது, அந்த வித்துகள் முளைத்து மீண்டும் குச்சிகள் ஆயின. அந்தக் குச்சிகள் எலியைக் கொன்றன.

மேய்ச்சல் நிலத்தின் புதிர் இதனால் அவிழ்ந்தது. உயிருள்ள மாட்டின் ரத்தத்தில் கிருமி குச்சியாக இருக்கிறது. ரத்தம் வெளியே சிந்திக் காற்று பட்டு, போதிய வெப்பமும் இருந்தால் அது வித்தாக மாறுகிறது. வித்து வெயிலையும் வறட்சியையும் தாங்கிப் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போனதும் முளைக்கும். உடலை அறுக்காமல் விட்டால், உள்ளே காற்று இல்லாததால் பெரும்பாலான குச்சிகள் வித்தாகாமலேயே அழுகலில் அழிந்துவிடும். அறுத்தால் காற்றைக் கொடுத்து நாமே வித்து உண்டாக்குகிறோம். அறுக்காதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கோக் இதை உடனே அறிவித்துவிடவில்லை. வைக்கோல் ஊறிய நீரில் வளரும் இன்னொரு குச்சிக் கிருமி உண்டு. அதுவும் வித்து உண்டாக்கும், பார்க்கவும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். அதையும் எலிக்குச் செலுத்திப் பார்த்தார். நோய் வரவில்லை. உருவம் ஒத்திருந்தாலும் குணம் வேறு என்பது தெரிந்தது. அந்த வைக்கோல் கிருமியின் பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். இன்று பயிர் நோய்களைக் கட்டுப்படுத்த நாம் கடையில் வாங்கும் அதே பாக்டீரியாதான்.

1876-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் எலிகளையும் கண்ணாடித் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பெர்டினான்ட் கோன் முன்னிலையில் மூன்று நாட்கள் எல்லாவற்றையும் செய்து காட்டினார். பெயர் தெரியாத ஊர் மருத்துவர் சொன்னது சரி என்று கோன் ஒப்புக்கொண்டு, தன்னுடைய தாவர ஆய்வு இதழிலேயே அந்த ஆண்டு கட்டுரையை வெளியிட்டார்.

உருளைக்கிழங்கிலிருந்து அகருக்கு

1880-ல் கோக் பெர்லினில் உள்ள அரசு சுகாதார அலுவலகத்துக்கு மாறினார். அங்கே ஒரு பெரிய தடையைச் சந்தித்தார். அதுவரை எல்லோரும் கிருமிகளை இறைச்சிச் சாறு போன்ற நீரில்தான் வளர்த்தார்கள். நீரில் பல வகைக் கிருமிகள் ஒன்றாகக் கலந்துவிடும். எந்தக் கிருமி என்ன செய்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இது நமக்குப் புரியாத விஷயம் அல்ல. பத்து வகை விதைகள் கலந்த மூட்டையைக் குளத்தில் கொட்டினால் எது எங்கே என்று தெரியாது. அதையே பதமான நாற்றங்காலில் கலப்பாகத் தூவினால், ஒவ்வொரு விதையும் விழுந்த இடத்திலேயே முளைக்கும். எது நெல், எது களை என்று தனித்தனியே பிடுங்கிவிடலாம். கிருமிக்கும் அப்படி ஒரு நாற்றங்கால் தேவைப்பட்டது.

அவித்த உருளைக்கிழங்கில் முதல் வழி கிடைத்தது. வெட்டி வைத்த கிழங்குத் துண்டில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று தனித்தனிப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியையும் நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் ஒரே வகைக் கிருமி மட்டும் இருந்தது. காற்றிலிருந்து விழுந்த ஒரு கிருமி, நகர முடியாமல் அதே இடத்தில் பெருகிய கூட்டம் அது. இதைத்தான் காலனி என்கிறோம்.

ஆனால் எல்லாக் கிருமிகளும் கிழங்கில் வளரவில்லை. கிழங்கின் வழியே ஒளியும் ஊடுருவாது. எனவே இறைச்சிச் சாற்றில் ஜெலட்டின் கலந்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறைய வைத்தார். சுட்டுச் சுத்தம் செய்த கம்பியால் கிருமியைத் தொட்டு, அதன் மேல் கோடு இழுத்தார். கோடு நீள நீளக் கிருமிகள் குறைந்து, கடைசியில் தனித்தனிக் காலனிகள் வந்தன. 1881 ஆகஸ்டில் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில் இதைச் செய்து காட்டினார். பிரான்சின் லூயி பாஸ்டரும் அதைப் பார்த்தார்.

ஜெலட்டினிலும் குறை இருந்தது. உடல் வெப்பத்தில் வைத்தால் உருகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்று நீராக்கிவிடும். இதற்குத் தீர்வு சமையலறையிலிருந்து வந்தது. கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, இனிப்புக் கூழ் கோடையிலும் உருகாமல் இருக்க அகர் அகர் சேர்ப்பார். ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து அதைக் கற்றிருந்தார். அதையே ஆய்வகத்திலும் பயன்படுத்தலாம் என்று அவர் சொன்னார். அகர் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தால் உறையும். உறைந்தபின் 85 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். மிகச் சில கிருமிகளைத் தவிர மற்றவற்றால் அதைத் தின்ன முடியாது. ஆனால் கோக் அகரைப் பற்றி 1882-ல் எழுதியபோது அந்தப் பெண்மணியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் இதே அகர்தான்.

1887-ல் கோக்கின் உதவியாளர் ரிச்சர்ட் பெட்ரி, தூசி விழாமல் மூடி போட்ட வட்டமான கண்ணாடித் தட்டைச் செய்தார். அதுவே இன்றும் எல்லா ஆய்வகத்திலும் உள்ள பெட்ரி தட்டு.

காசநோயும் காலராவும்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் காசநோயால் பெருந்தொகையான மக்கள் இறந்தார்கள். அதன் கிருமி சாதாரணச் சாயத்தில் தெரியவில்லை, சாதாரண ஊடகத்தில் வளரவும் இல்லை. கோக் அதற்குத் தனிச் சாயமுறை கண்டார். விலங்கின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சூடாக்கி உறையவைத்து, அதில் விதைத்தார். மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இதுவோ இரண்டாவது வாரத்தில்தான் சிறு செதில்போலத் தெரிந்தது. பொறுமை இல்லாதவர் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார். அதை மீண்டும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, காசநோய் வருவதை உறுதி செய்தார். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார்.

1883-ல் காலராவை ஆராய எகிப்துக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் வந்தார். நோயாளிகளின் குடலில் காற்புள்ளிபோல வளைந்த கிருமியைப் பிரித்து எடுத்தார். மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அது இருந்தது. ஜெலட்டின் தட்டில் அதன் காலனி, உடைந்த கண்ணாடித் தூள்போல மினுங்கியது, சுற்றியுள்ள ஜெலட்டினை மெதுவாகக் கரைத்துக் குழியாக்கியது. எந்த ஊடகத்தில் வளர்கிறது, என்ன நிறம், விளிம்பு எப்படி, ஊடகத்தைக் கரைக்கிறதா என்று பார்த்துக் கிருமியை அடையாளம் காணும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

அவருடைய வழிமுறையை நான்கு படிகளாகச் சொல்வார்கள். நோயுள்ள எல்லா உடலிலும் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். வளர்த்ததைச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அந்த உடலிலிருந்து அதே கிருமி மீண்டும் கிடைக்க வேண்டும். பயிர் நோய்களுக்கும் இன்றுவரை இதுதான் உரைகல்.

அவசரப்பட்ட இரண்டு இடங்கள்

இவ்வளவு பொறுமையானவரும் சறுக்கினார். 1890-ல் காசநோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். டியூபர்குலின் என்ற அந்த மருந்து எதிலிருந்து செய்யப்பட்டது என்பதையும் முதலில் மறைத்தார். நாடு நாடாக நோயாளிகள் பெர்லினுக்கு வந்து குவிந்தார்கள். பலருக்குக் குணமாகவில்லை, சிலர் இறந்தும் போனார்கள். பிற்காலத்தில் அது மருந்தாக அல்ல, நோயைக் கண்டறியும் ஊசியாகப் பயன்பட்டது. மாடுகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று தோலில் போட்டுப் பார்ப்பதும் டியூபர்குலின்தான்.

1901-ல் மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெரும்பாலும் தொற்றாது என்றார். அதனால் பாலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் என்ற எண்ணம் வந்தது. பிரிட்டன் அரசு அமைத்த குழு பத்தாண்டுகள் ஆராய்ந்து, மாட்டின் கிருமி பால் வழியாக மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வருகிறது என்று காட்டியது. தான் வகுத்த படிகளை விட்டு ஒரு முடிவுக்கு முந்திப் போனால் எவ்வளவு பெரியவரும் தவறுவார் என்பதற்கு இவை இரண்டும் சான்று.

1896 இறுதியில் வெக்கை நோய் தாக்கிய தென்னாப்பிரிக்காவுக்கு அவரை அழைத்தார்கள். அந்த நோயின் கிருமியை எந்த ஊடகத்திலும் அவரால் வளர்க்க முடியவில்லை. அது வைரஸ், உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் நோயில் இறந்த மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போட்டால் மற்ற மாடுகளுக்கு எதிர்ப்பு வருகிறது என்று கண்டார். 1897-ல் பிளேக் நோயை ஆராய இந்தியா வந்தபோது, வடக்கே முக்தேஸ்வரில் இருந்த கால்நடை நோய் ஆய்வகத்துக்கும் போனார். 1905-ல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27 அன்று பேடன் பேடன் நகரில் இறந்தார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கால்நடை திடீரென்று இறந்து, உறையாத ரத்தம் வடிந்தால் உடலைத் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்துச் சொல்வார். உடலை இழுத்துச் சென்று ரத்தம் சிந்த விடாதீர்கள். அவர் சொல்லும் இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய் தோண்டாதபடி மூடுங்கள். நோய் வந்த பகுதிகளில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது அவசியம். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடி பச்சையாகவே வாடினால், உடனே பூஞ்சாணக்கொல்லி வாங்க ஓடாதீர்கள். வாடிய செடியின் அடித்தண்டை இரண்டு அங்குலம் நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய முனையிலிருந்து பால்போல வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சாணக்கொல்லி அதற்குப் பயன்படாது. இழை வராவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். உறுதிசெய்ய, வேரோடு பிடுங்கிய செடியை அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். முற்றிலும் அழுகிய செடியைக் கொடுக்காதீர்கள். அதில் பின்னால் வந்து குடியேறிய கிருமிகள் நிறைந்திருக்கும், உண்மையான காரணம் மறைந்துவிடும். நோய் தொடங்கிய நிலையில் உள்ள செடிதான் ஆய்வுக்கு ஏற்றது.

உயிர் உரத்தையும் ஆய்வகத்தில் இதே வழியில் சோதிக்கிறார்கள். காங்கோ சிவப்பு சேர்த்த ஊடகத்தில் ரைசோபியம் காலனிகள் சாயத்தை ஏற்காமல் வெண்மையாக நிற்கும். அசோஸ்பைரில்லம் தன் ஊடகத்தின் நிறத்தை நீலமாக்கும். பாஸ்போபாக்டீரியா, காலனியைச் சுற்றி இருக்கும் பாஸ்பேட்டைக் கரைத்துத் தெளிவான வளையம் போடும். திரவ உயிர் உரத்தில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தாலும், ரசாயன உரத்தோடும் பூஞ்சாணக்கொல்லியோடும் கலந்தாலும் அந்த எண்ணிக்கை சரிந்துவிடும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

கோக் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் தொடங்கினார். அடைப்பானுக்குக் காரணம் நிலத்தின் மீதுள்ள சாபம் அல்ல, மண்ணில் கிடக்கும் வித்து என்று அவர் காட்டியபின்தான் அதைத் தடுக்கும் வழி கிடைத்தது. நம் வயலில் ஒரு நோய் தெரிந்தால், மருந்தைத் தேடுவதற்கு முன் அதன் காரணத்தை உறுதிசெய்துகொள்வோம். செலவும் மிஞ்சும், பயிரும் மிஞ்சும்.